கன்சாய் அருங்காட்சியகங்கள்: எது, எப்போது, யாரோடு

கேள்வி இதுதான்: அக்டோபர் கடைசியில் ஒசாகாவில் அறை எடுத்து எட்டு நாள் தங்குகிறோம். கூட மனைவி, 11 வயதுப் பையன், நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்து ஓய்ந்த அப்பா. கோயில், கோட்டை எல்லாம் பட்டியலில் இருக்கிறது. அருங்காட்சியகம் என்று போனால் ஒசாகாவைச் சுற்றியுள்ள கன்சாய் வட்டாரத்தில் எது உருப்படி, எதை விட்டுவிடலாம்?

நான் ஒசாகாவுக்கு வடக்கே சுயித்தாவில் ஆறு வருஷம் குடியிருந்தவன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை இழுத்துக்கொண்டு சுற்றியதில் பாதி இடங்கள் மனப்பாடம். ஒசாகா, கியோத்தோ, நாரா, கோபே, ஷிகா என்று ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் நூற்றுக்கணக்கில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எட்டு நாளில் நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து பார்த்தால் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடிப் பெட்டி எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏமாறாமல் இருக்க. நம் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல நடராஜர் இருக்கிறார் என்றால் எந்த மாதம் போனாலும் அங்கேதான் இருப்பார். ஜப்பானில் அப்படி இல்லை. பட்டு, காகிதம், அரக்கு எல்லாம் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் தேசியப் பொக்கிஷம் என்று பட்டம் வாங்கிய ஓவியம், சுவடி வகையறாக்களைப் பொதுவாக ஆண்டுக்கு 60 நாளுக்கு மேல் வெளியே வைப்பதில்லை. வழிகாட்டிப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும் ஓவியத்தைப் பார்க்க மூன்று ரயில் மாறிப் போனால், அது கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் அங்கே 'எந்த அருங்காட்சியகம்' என்பதைவிட 'எந்த மாதம்' என்று கேட்பதுதான் உள்ளூர் வழக்கம். அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். அக்டோபர் கடைசிதான் கன்சாயில் சரியான நேரம்.

காரணம் நாரா. நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் பாதிவரை, இரண்டு வாரத்துக்குச் சற்று மேல், ஷோசோயின் கண்காட்சி நடக்கும். 1946இல் ஆரம்பித்தது. வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஷோசோயின் என்பது தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் மரக் கருவூலம். முக்கோண வடிவில் அறுத்த மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, தரையிலிருந்து தூக்கித் தூண்கள் மேல் நிறுத்திய கட்டடம். 756இல் மன்னர் ஷோமு இறந்தபின், 49ஆம் நாள் காரியத்தில் அரசி கோம்யோ அவர் புழங்கிய பொருள்களைப் பெரிய புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். கூடவே பட்டியலும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டியலும் இருக்கிறது, பொருள்களில் ஒரு பகுதியும் இருக்கிறது. மண்ணில் தோண்டி எடுத்தவை கிடையாது. 1,200 வருஷத்துக்கும் மேலாக ஒருவர் கை மாற்றி ஒருவர் பத்திரமாக வைத்திருந்தவை. பின்னால் சேர்ந்தவற்றையும் கூட்டினால் மொத்தம் சுமார் 9,000. இப்போது பக்கத்திலேயே கான்கிரீட் கிடங்கில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில் அரசரின் முத்திரையிட்ட பூட்டைத் திறந்து சரிபார்ப்பார்கள். அப்போது அறுபது பொருள் அளவில் மட்டும் வெளியே வரும். ஒருமுறை வந்த பொருள் மறுபடி வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் இந்த வருஷம் எது வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஐந்து நரம்பு வைத்த பழைய யாழ்வகைக் கருவி ஒன்று உண்டு, முழுக்கச் சிப்பி இழைத்தது. அந்தக் காலத்து ஐந்து நரம்புக் கருவியில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 'ரஞ்சாதாய்' என்ற ஒன்றரை மீட்டர் நீள அகில் கட்டையும் உண்டு. 1574இல் ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்ட தழும்பு இன்றும் தெரியும். இவை வந்தால் யோகம். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

நம் ஆட்கள் அங்கே தேட வேண்டியது மருந்துகளை. அரசி கொடுத்த காணிக்கையில் 60 வகை மருந்துக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. நோயாளிகளுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்று குறிப்போடு. அந்தப் பட்டியலைப் படித்தால் நாட்டு மருந்துக்கடைச் சீட்டு மாதிரி இருக்கும். மிளகு. திப்பிலி, அதை 'ஹிஹாட்சு' என்கிறார்கள், 'பிப்பலி'யைச் சீனர்கள் தங்கள் எழுத்தில் எழுதி, அதை ஜப்பானியர் படித்த உச்சரிப்பு. கடுக்காய், ஹரீதகி என்ற பெயர் தேய்ந்து 'கரிரோக்கு' ஆகியிருக்கிறது. நெல்லிக்காயும் உண்டு. அந்த மிளகு இன்னும் மிச்சமிருக்கிறது. முதல்முறை இதைத் தெரிந்துகொண்டபோது, என் ஆச்சியின் அஞ்சறைப் பெட்டிக்கு அரச முத்திரை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

இன்னொரு சங்கதியும் அதே ஊரில். பெரிய புத்தருக்குக் கண் திறப்பு நடந்தது 752இல். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பார்களே, அதே சடங்குதான். தூரிகையைப் பிடித்துக் கண்மணியை எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பான் வந்தவர். அவருடைய நினைவுக் கல்வெட்டு வாசகம் அவரைத் 'தென்னிந்தியப் பிராமணத் துறவி' என்று குறிப்பிடுகிறது. தென்னாட்டில் எந்த ஊர் என்பதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் நிறைய, அதை விட்டுவிடுங்கள். அவர் பிடித்த தூரிகை ஷோசோயினில் இருக்கிறது. தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறந்த புண்ணியத்தில் தங்களுக்கும் பங்கு கிடைக்க. அந்தக் கயிறும் இருக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் கவனம். நேரம் குறித்து முன்கூட்டியே வாங்க வேண்டும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். மாலை நேரச் சீட்டு கிடைத்தால் அதை எடுங்கள், கூட்டம் கொஞ்சம் இளகியிருக்கும். பிரபலமான பொருள் முன்னால் தனி வரிசை நிற்கும். அப்பாவை அந்த வரிசையில் நிற்க வைக்காமல் ஓரத்துப் பெட்டிகளுக்குக் கூட்டிப் போங்கள். பழைய ஆவணத் தாள்கள், துணித் துண்டுகள் இருக்கிற பக்கம் எப்போதும் காலியாக இருக்கும், அங்கேதான் நிதானமாகப் பார்க்கலாம். அதே சீட்டில் பக்கத்துச் செங்கல் கட்டடத்தையும் விசாரித்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். 1894இல் கட்டியது, முழுக்கப் புத்தச் சிற்பங்கள்.

நாராவில் அன்று கால் வலிக்காமல் இருந்தால் கொஃபுகுஜி கோயிலின் பொக்கிஷ அறைக்கும் போங்கள், ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழிதான். இங்கே சிலைகள் வருஷம் முழுக்க இருக்கும். போக வேண்டிய காரணம் ஒரே ஒருவர்: அசுரன். 'அஷுரா' என்கிறார்கள். 734இல் செய்தது, மூன்று முகம், ஆறு கை, 153 சென்டிமீட்டர் உயரம். செய்யச் சொன்னது அதே அரசி கோம்யோதான், தாயாரின் நினைவுக்கு. அசுரன் என்றால் நமக்குக் கோரைப்பல்லும் மீசையும்தான் ஞாபகம் வரும். இவன் மெலிந்த பையன். நெற்றியைச் சுருக்கி, ஏதோ தப்பு செய்துவிட்டு அதை அப்போதுதான் உணர்ந்தவன் மாதிரி நிற்கிறான். களிமண் உருவத்தின் மேல் சணல் துணியை அரக்கில் தோய்த்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்தபின் உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடும் முறை. உள்ளே வெற்றிடம், எடை 15 கிலோ அளவுதான். கோயில் பலமுறை தீப்பிடித்தும் இவன் தப்பித்ததற்கு, ஒருவர் இருவர் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததும் ஒரு காரணம் என்பார்கள். இடப்பக்க முகத்தைப் பையனிடம் காட்டுங்கள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பான்.

அடுத்து உங்கள் அப்பாவுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கோபேயில் தகேனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம். ஷின்கோபே நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், சில நிமிடம்தான். 1984இல் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் தொடங்கியது. 2014இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. மேலே பார்த்தால் ஓட்டுக் கூரை போட்ட சின்ன வீடு. காட்சி எல்லாம் பூமிக்கடியில்.

தொடங்கியதற்கு அவர்கள் சொல்லும் காரணமே அழகு. நல்ல ஓவியம் நாளாக நாளாக மதிப்பு கூடும். நல்ல உளி அப்படியில்லை. நல்லதாக இருந்தால் ஆசாரி தினமும் எடுப்பார், தினமும் தீட்டுவார், கடைசியில் பிடியும் கால் அங்குல இரும்பும்தான் மிஞ்சும். மட்டமான கருவிதான் மூலையில் கிடந்து அப்படியே தப்பிக்கும். அதனால் நல்ல கருவிகளைத் தேய்ந்து முடிவதற்குள் சேகரித்து வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இப்போது 30,000க்கு மேல் சேர்ந்திருக்கிறது.

ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு தச்சருடைய கருவித் தொகுதி இருக்கும். 1943இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையைச் சுத்தமாகச் செய்யும் தச்சருக்கு 179 கருவிகள் வேண்டும். அதில் உளி மட்டும் 49, இழைப்புளி 40. அப்பாவை அந்தச் சுவர் முன்னால் விட்டுவிட்டு நீங்கள் காப்பி குடித்துவிட்டு வரலாம். என் மாமனாரும் மரவேலை தெரிந்தவர்தான். அவர் அந்தச் சுவரை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, 'இது எதுக்கு, அது எதுக்குன்னு எனக்குத் தெரியுது, ஆனா இத்தனையும் வச்சிருந்தா தூக்கிட்டு யார் போறது?' என்று கேட்டார்.

ரம்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் தள்ளும்போது அறுக்கும். அங்கே இழுக்கும்போது அறுக்கும். இழைப்புளியும் அப்படித்தான், உடம்பை நோக்கி இழுப்பார்கள். இழுக்கிற ரம்பம் வளையாது என்பதால் தகட்டை மெல்லியதாக அடிக்கலாம். தகடு மெல்லியதானால் வெட்டும் மெல்லியதாக விழும். அந்த ஒரு பழக்கத்திலிருந்து கழுந்து துளையில் உட்காரும் துல்லியம்வரை எல்லாம் கிளைத்து வருவதை அங்கே படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். தோஷோதாய்ஜி கோயிலின் தூணும் அதன் தலையில் கூரையைத் தாங்கும் போதிகை அடுக்கும் நிஜ அளவில் மாதிரி செய்து நிறுத்தியிருக்கிறார்கள், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். தேநீர் அறை ஒன்றைச் சுவர்ப்பூச்சு இல்லாமல் எலும்புக்கூடாக நிறுத்தியிருப்பார்கள். மூங்கில் எங்கே கட்டு, மரம் எங்கே பூட்டு என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஈட்டி மாதிரி முனை கொண்ட ஒரு பழைய இழைப்புக் கருவி இருக்கும், 'யாரிகன்னா' என்று பெயர். இப்போதைய இழைப்புளி வந்தபின் வழக்கொழிந்து போனதை ஹோர்யூஜி கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோக்கா த்சுனெகாசு மீட்டெடுத்தார். பழைய தூண்களில் தெரிந்த வெட்டுத் தடத்தை வைத்து, இந்தத் தடம் விழ வேண்டுமானால் கருவி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போனவர். யாகுஷிஜியின் மேற்கு கோபுரத்தை 1981இல் மறுபடி எழுப்பியதும் அவர் தலைமையில்தான்.

நூல் பிடிக்கும் மைக்கூடும் அங்கே பல தினுசில் இருக்கிறது. நம் ஆசாரிகள் நூலில் சுண்ணாம்போ காவியோ தேய்த்துச் சுண்டுவார்களே, அதற்கு அங்கே குழிந்த மரக் கிண்ணத்தில் மையும் ஒரு சக்கரத்தில் நூலும். இதைப் பார்த்துவிட்டு நாரா போனால் தோதாய்ஜியின் தெற்குப் பெருவாசலில் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள். 1879இல் அந்த வாசலைப் பழுதுபார்த்தபோது உத்தரத்தின் மேல் ஒரு மைக்கூடு கிடந்தது. யாரோ ஒரு தச்சர் வேலை முடிந்து இறங்கும்போது மறந்துவிட்டுப் போனது. வீட்டுக்குப் போய் எவ்வளவு தேடியிருப்பார் பாவம். இந்தக் கணக்கில் கோபேயை முதலில் முடித்துவிட்டு நாராவுக்குப் போவதுதான் நல்லது.

கோபே வரை போவதால் இதையும் சொல்ல வேண்டும். 1995 ஜனவரி 17 காலை 5.46க்கு வந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அதன் நினைவாக 2002இல் திறந்தது 'ஹித்தோ தோ போசாய் மிராய் சென்டர்' என்ற பேரிடர் அருங்காட்சியகம். அனுபவித்தவர்களே தன்னார்வலர்களாக நின்று பேசுவார்கள். மொழி புரியாவிட்டாலும், அவர்கள் கையை வைத்து 'இவ்வளவு உயரத்தில் அலமாரி, அது இப்படி விழுந்தது' என்று காட்டுவது புரியும். 2004 சுனாமி வந்து சில வாரத்தில், 2005 ஜனவரியில் உலகப் பேரிடர்த் தடுப்பு மாநாடு கோபேயில்தான் நடந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: முதலில் ஒரு திரையறையில் அந்தச் சில நொடிகளைச் சத்தமும் வெளிச்சமுமாகக் காட்டுவார்கள், பலமாக இருக்கும். பையன் பயந்த சுபாவம் என்றால் அதைத் தவிர்த்துவிடலாம், வாசலில் சொன்னால் போதும்.

பையனுக்குக் கியோத்தோ ரயில்வே அருங்காட்சியகம். 2016இல் இப்போதைய வடிவில் திறந்தது; அதற்கு முன்னால் அதே இடத்தில் 1972 முதல் நீராவி எஞ்சின் அருங்காட்சியகம் இருந்தது. மொத்தம் 53 வண்டிகள். முதல் தலைமுறை ஷின்கான்சென் அதிவேக ரயில் உருண்டை மூக்கோடு நிற்கும், 500 வரிசை வண்டி மீன்கொத்தி அலகோடு நிற்கும். ஆனால் எனக்குப் பிடித்தது வெளியே விசிறி வடிவில் இருக்கும் 1914ஆம் ஆண்டுக் கொட்டகை. நடுவில் சுழல்மேடை, சுற்றிக் கரி எஞ்சின்கள். கிட்டே போனால் எண்ணெயும் கரியும் கலந்த அந்தப் பழைய வாசம். பத்து நிமிடம் போய்த் திரும்பும் நீராவி வண்டிப் பயணமும் உண்டு. உங்கள் அப்பா வயதுக்காரர்கள்தான் அதில் பையன்களைவிடச் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளுக்கான அருங்காட்சியகமும் அதே ஊரில்தான், மூடிய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில். 50,000 புத்தகம் எடுத்துப் படிக்கும்படி அலமாரியில் இருக்கும். பையனுக்கு ஜப்பானிய மொழி தெரியாதென்றால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும்.

கியோத்தோவில் உங்களுக்கும் மனைவிக்கும் என்று ஒரு இடம் சொல்லச் சொன்னால், தேசிய அருங்காட்சியகத்தைவிட முன்னால் கவாய் கஞ்சிரோ வீட்டைத்தான் சொல்வேன். குயவர். எளிய மக்கள் கைவினையில் அழகைப் பார்த்த 'மிங்கெய்' இயக்கத்தின் தூண்களில் ஒருவர். 'வாழும் தேசியப் பொக்கிஷம்' பட்டத்தை வேண்டாம் என்று சொன்னவர். 1937இல் அவரே வரைந்து கட்டிய வீடு, 1966இல் அவர் இறந்தபின் 1973இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், அவர் செய்த நாற்காலியில் உட்காரலாம். மரம் கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளக்கும். பின்கட்டில் எட்டு அறை கொண்ட ஏறு சூளை, மேடான தரையில் ஒட்டகங்கள் வரிசையாகப் படுத்த மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்துக் குயவர்களும் அதிலேயே சுட்டுக்கொண்டார்கள். புகைக் கட்டுப்பாடு வந்து நகருக்குள் விறகுச் சூளை நின்றுபோனது. கண்ணாடிப் பெட்டி அதிகம் இல்லாத அருங்காட்சியகம் இது, கும்பலாகப் போகாதீர்கள்.

தேசிய அருங்காட்சியகம் மோசம் என்று சொல்லவில்லை. 1897இல் திறந்த செங்கல் கட்டடமும் 2014இல் வந்த புதுக் கட்டடமும் நேர்த்தி. சிறப்புக் கண்காட்சி என்ன என்று பார்த்து, பிடித்திருந்தால் போங்கள். எதிர்ப்புறம் சஞ்சூசன்கென்தோ கோயில். 1,001 கண்ணோன் (கருணையின் போதிசத்துவர்) சிலைகளை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களைப் பாருங்கள். இந்திரன், பிரம்மா, கின்னரர் எல்லோரும் பெயர் திரிந்து நிற்பார்கள். கருடன் 'கருரா' ஆகி, அலகு வைத்த முகத்தோடு புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருப்பார்.

ஒசாகாவில் இரண்டு. ஒன்று நான் குடியிருந்த சுயித்தாவிலேயே: தேசிய இனவியல் அருங்காட்சியகம், சுருக்கமாக 'மின்பாக்கு'. 1970இல் உலகப் பொருட்காட்சி நடந்த மைதானத்தில், 1977இல் திறந்தது. மைதான வாசலில் 70 மீட்டர் உயரத்தில் ஓகாமோட்டோ தாரோவின் சூரியக் கோபுரம் கைகளை விரித்து நிற்கும். பையனுக்கு அது ஒன்றே போதும், உள்ளே போக முன்பதிவு வேண்டும். மின்பாக்கில் பசிபிக் தீவுகளில் ஆரம்பித்து, அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று கிழக்கு நோக்கி உலகைச் சுற்றி, தெற்காசியாவைத் தாண்டிக் கடைசியில் ஜப்பானில் இறங்குவீர்கள். பாதிப் பொருள்களுக்குக் கண்ணாடியே கிடையாது. ஆரம்பத்திலேயே 'செச்செமெனி' என்ற பாய்மரப் படகு இருக்கிறது. மைக்ரோனீசியாவில் சதவால் என்ற சின்னத் தீவுக்காரர்கள் கட்டியது. 1975இல் திசைகாட்டி எதுவும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து ஒகினாவா வரை, சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டி வந்தார்கள். ஆணியை விடத் தென்னை நாரை நம்பிய படகு. கட்டுமரம் தெரிந்தவர்கள் அந்த முடிச்சுகளைப் பார்த்தால் நகர மாட்டார்கள்.

அங்கே மொழிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதைப் பார்க்கும்போது பையனுக்கு ஒரு வேடிக்கை சொல்லுங்கள். ஜப்பானிய எழுத்து வரிசை: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ஹ' இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலித்தது. சொல்லிப் பார்த்தால் நம் அரிச்சுவடி மாதிரியே ஓடும். உடனே ஜப்பானியம் தமிழிலிருந்து வந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்தைப் படித்ததால் வந்த வரிசை அது.

இன்னொன்று நகர மையத்தில், நக்கானோஷிமாவில்: ஒசாகா கீழைப் பீங்கான் அருங்காட்சியகம். ஒரு வணிக நிறுவனம் நொடித்துப்போனபோது அது சேர்த்து வைத்திருந்த சீன, கொரியப் பீங்கான்கள் சிதறிவிடக் கூடாது என்று சுமிதோமோ குழுமம் 965 பொருள்களை நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. 1982இல் அருங்காட்சியகம் வந்தது. பச்சைப் பீங்கானை, இலையுதிர் காலத்து வெயில் நாளில் காலை பத்து மணிக்கு, வடக்குப் பார்த்த அறையில், ஒரு காகிதக் கதவு வடிகட்டிய வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்களாம். அதற்காகவே இயற்கை வெளிச்சம் விழும் காட்சியறை வைத்திருக்கிறார்கள். நீங்கள் போவதும் இலையுதிர் காலம்தான். பத்து மணிக்கே போய்விடுங்கள்.

அங்கே ஒரு வெள்ளைக் குடம், கொரியாவில் செய்தது. எழுத்தாளர் ஷிகா நஓயா வைத்திருந்து, தோதாய்ஜியைச் சேர்ந்த கண்ணோன்இன் கோயிலுக்குக் கொடுத்தது. 1995இல் அதைத் திருட வந்தவன், பிடிபடப் போகிறோம் என்றதும் தரையில் ஓங்கிப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். 300 துண்டுக்கு மேல். பொடியைக்கூடக் கூட்டி அள்ளி எடுத்து வைத்தார்கள். ஒட்டி முடித்தபின் இப்போது பார்த்தால் எங்கே உடைந்தது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் எல்லா நேரமும் வெளியே இருக்காது, வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஹோ அருங்காட்சியகத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ஷிகா மலைகளுக்குள், 1997இல் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் கட்டியது. கட்டடத்தில் எண்பது சதவீதம் மலைக்குள் புதைந்திருக்கிறது. மலையைத் தோண்டிக் கட்டிவிட்டு மண்ணையும் மரத்தையும் திரும்ப வைத்தார்கள். வளைந்த சுரங்கப்பாதை, அது முடியும் இடத்தில் தொங்கு பாலம், பாலத்துக்கு அப்பால் வாசல். அந்த நடைதான் பாதி அனுபவம். உள்ளே எகிப்து, பாரசீகம், காந்தாரப் புத்தர் என்று பட்டுப்பாதைப் பொருள்கள். ஆனால் இஷியாமா நிலையத்திலிருந்து பஸ் மட்டும் ஐம்பது நிமிடம், அதுவும் எப்போதாவதுதான் வரும். ஒரு நாள் முழுசாகப் போய்விடும். எட்டு நாளில் அப்பாவோடு என்றால் நான் விட்டுவிடுவேன். இரண்டாம் பயணத்துக்கு இருக்கட்டும். அப்போது குளிர்காலத்தில் போய் நிற்காதீர்கள், மூடியிருக்கும்.

ஒசாகா கோட்டைக்கு உள்ளே போக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோபுரம் 1931இல் நகர மக்கள் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம், உள்ளே லிஃப்ட். வெளியே அகழியும் ராட்சதக் கற்கள் அடுக்கிய மதிலும்தான் அசல். மதிலைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், போதும். இகேதாவில் இருக்கும் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம் பையன் கேட்டால் மட்டும். நுழைவு இலவசம், 500 யென் கொடுத்தால் தானே படம் வரைந்து தன் கப்பைத் தயார் செய்யலாம். அண்டோ மொமொஃபுகு 1958இல் உடனடி நூடுல்ஸ் கண்டுபிடித்த கொட்டகையை அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள், அது நன்றாகவே இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கப்பை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான், சூப்பில் எல்லாம் கலந்திருக்கும்.

நாள் கணக்குப் போடும்போது விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திங்கள் மூடல். அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் திறந்துவைத்து, மறுநாள் செவ்வாய் மூடுவார்கள். இந்தக் கணக்கில் நான் இரண்டு முறை மூடிய வாசலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மின்பாக்குக்கும் ரயில்வே அருங்காட்சியகத்துக்கும் புதன்தான் விடுமுறை. ஷோசோயின் கண்காட்சி நடக்கும் நாள்களில் நாராவுக்கு விடுமுறையே இல்லை, ஆகவே திங்கட்கிழமையை நாராவுக்கு வையுங்கள். பொதுவாக ஐந்து மணிக்கு மூடுவார்கள், நாலரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பையைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கு 100 யென் நாணயம் வேண்டும், திறக்கும்போது திரும்பி வந்துவிடும். குறிப்பு எடுப்பதானால் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை எடுத்தால் ஒரு அம்மாள் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்று, குனிந்து வணங்கி, கையில் ஒரு பென்சிலைக் கொடுப்பார்.